மூன்றாவது தையல்

அன்று காலை என் வீட்டுக்காரர் பால்கனியில் துணி காயப்போடும் கயிற்றை மாற்றிக் கட்டினார். பழைய கயிறு நன்றாகத் தொய்ந்துவிட்டது. போர்வையைக் காயப்போட்டால் ஓரம் தரையைத் துடைத்தது. ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். புதுக் கயிற்றின் ஒரு முனையைச் சுவரிலிருந்த இரும்பு வளையத்தில் முடிந்து, மறுமுனையை ஜன்னல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றி, காலைச் சுவரில் ஊன்றி இழுத்தார். அதோடு விடவில்லை. எழுபத்திரண்டு வயது மனிதர், இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்து, முழங்காலை மடக்கித் தொங்கிப் பார்த்தார்.

"ஏங்க, அது துணி காயறதுக்கு. நீங்க காயறதுக்கு இல்ல."

"என்னைத் தாங்குற கயிறு உன் போர்வையைத் தாங்காதா?" என்றார்.

"மியூசியத்துக்கு எப்பப் போறோம்னு உங்க தங்கச்சி குருவி போன் மேல போன் போடுறா. என்ன சொல்ல?"

அவர் முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தார். "முதல்ல துணி காயட்டும். அப்புறம் போகலாம்."

கிளிப் போதாது என்று ஒரு டஜன் வாங்கிவரக் கீழே இறங்கினார். கடைக்காரர் கிளிப்பை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக்கொண்டு திரும்பியபோது, அவர் கடைப்படியில் உட்கார்ந்து தூணில் சாய்ந்திருந்தாராம். களைப்பாறுகிறார் என்று நினைத்து, இன்னொரு ஆளுக்குச் சாமான் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மருத்துவமனையில், உயிர் போய்விட்டது, இதயம் என்றார்கள். மூன்றாம் நாள் கடைக்காரர் வீட்டுக்கு வந்து, கிளிப் பொட்டலத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

நாங்கள் சர்க்கஸ்காரர்கள். கூடாரத்தின் உச்சியில் ஓர் ஊஞ்சலில் முழங்காலை மாட்டித் தலைகீழாகத் தொங்கி, எதிர் ஊஞ்சலை விட்டுப் பறந்து வருகிறவரைக் காற்றில் பிடிப்பது அவர் வேலை. அதனால் எல்லோருக்கும் அவர் கொக்கி. பறந்து வந்தவள் அவருடைய தங்கை, குருவி. ஆடுகிறவர்களுக்கெல்லாம் உடை தைத்தவள் நான். எனக்கு ஊசி என்று பெயர் வைத்திருந்தார்கள். எங்கள் கல்யாணத்தில் கோமாளி எழுந்து, "கொக்கியும் ஊசியும் சேர்ந்தாச்சு, இனி பட்டன் பட்டனா பொறக்கும்" என்றார். ஒன்றும் பிறக்கவில்லை. அது வேறு கதை.

ஊஞ்சல் ஆட்டத்தில் பிடிக்கிறவரும் பறக்கிறவரும் உள்ளங்கையைப் பிடிப்பதில்லை. ஒருவர் மணிக்கட்டை மற்றவர் பிடிப்பார்கள். மணிக்கட்டு வியர்க்கும், வழுக்கும். அதற்காகப் பிடிக்கிறவர் இரண்டு மணிக்கட்டிலும் நாலு முழம் பருத்தித் துணிப் பட்டி சுற்றிக்கொள்வார். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். தொட்டால் மொழுமொழு என்று இருக்கும். அதைக் கட்டக்கூடாது. ஊறவைத்து, அடித்துத் துவைத்து, வெயிலில் காயவைக்க வேண்டும். அப்படி மூன்று முறை. ஒவ்வொரு துவைப்புக்கும் பட்டியின் நுனியில் சிவப்பு நூலால் ஒரு தையல் போடுவேன். மூன்று தையல் விழுந்த பட்டிதான் கூடாரத்துக்குள் போகும். பரபரப்பில் யாரும் துணியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். நுனியைப் பார்ப்பார்கள், தையலை எண்ணுவார்கள், ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றிவிடுவார்கள்.

முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் எட்டு நாள் விடாமல் மழை பெய்தது. கூடாரமே ஈரம். பகல் ஆட்டத்தில் அவருடைய பழைய பட்டி இரண்டும் கிழிந்துவிட்டன. புதிதாக இருந்த ஜோடியை இரண்டு முறைதான் துவைத்திருந்தேன். இரண்டாவது முறை துவைத்ததையே இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத்தான் காயவைத்தேன். மூன்றாவது துவைப்புக்கு நேரமும் இல்லை, வெயிலும் இல்லை. மாலை ஆட்டத்துக்கு மணி அடித்துவிட்டார்கள். ஒரு துவைப்பில் என்ன ஆகிவிடும் என்று நினைத்து, உடை அறை விளக்கின் கீழ் உட்கார்ந்து இரண்டு பட்டியிலும் மூன்றாவது தையலைப் போட்டுக் கொடுத்தேன்.

அந்த ஆட்டத்தில் குருவி அவர் கையிலிருந்து வழுக்கினாள். கீழே வலை இருந்தது. ஆனால் வலையில் விழுவதற்கும் ஒரு முறை உண்டு. முதுகு முதலில் படவேண்டும். அவள் கோணலாக விழுந்து, எகிறி, வலையின் ஓரத்தைத் தாண்டித் தரையில் விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிந்தது. பிழைத்துக்கொண்டாள். மறுபடி ஏணி ஏறவில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் செய்தித்தாள்காரரிடம் சொல்லிவிட்டார்: என் கை தளர்ந்துவிட்டது. விசாரணையிலும் அதையே சொன்னார். அவருக்கு எதுவும் தெரியாது, தன் கைதான் காரணம் என்று நம்புகிறார் என்று நான் நினைத்தேன். இன்று சொல்லலாம், நாளை சொல்லலாம் என்று இருந்தேன். சர்க்கஸையும் மூடிவிட்டார்கள். அவர் வீடு வீடாகத் திரைச்சீலைக் கம்பி பொருத்தும் வேலைக்குப் போனார். நான் துணி திருத்திக் கொடுக்கும் கடை வைத்தேன். குருவி ஒரு சினிமா தியேட்டரில் டிக்கெட் ஜன்னலில் உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். நான் சொல்லவில்லை.

அவர் போய் இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பிட்ட தட்டை நகர்த்திவிட்டுக் குருவி சொன்னாள்: "அண்ணி, அடுத்த வாரம் மியூசியம். நீங்க வரலைன்னா நான் தனியாப் போவேன். அங்க அண்ணன் போட்டோ இருக்காம். பெருசா."

போனோம்.

பழைய சரக்குக் கிடங்கு ஒன்றைத் துப்புரவு செய்து, வெள்ளையடித்து, சர்க்கஸ் வரலாற்றுக்கென்று மியூசியம் ஆக்கியிருந்தார்கள். மூடப்பட்ட ஐந்தாறு சர்க்கஸ்களின் சாமான்கள் அங்கே வந்து சேர்ந்திருந்தன. வாசலில் இருந்த பெண் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்ததும் குருவி அங்கேயே நின்றுவிட்டாள்.

"இப்படியா கிழிப்பாங்க? நம்பர்ல பாதி உங்ககிட்ட இருக்கணும்மா. நாளைக்கு யாராவது கேட்டா எதைக் காட்டுவீங்க?"

"யாரும் கேக்க மாட்டாங்க பாட்டி."

"பாட்டியா? அண்ணி, கேட்டுக்கிட்டீங்களா? வாசல்லயே ஆரம்பிச்சுட்டாங்க."

உள்ளே முதல் அறை முழுக்க விளம்பரத் தாள்கள். அடுத்த அறையில் கூடாரம் தைக்கும் முழங்கை நீள ஊசி, அடுப்பைவிடப் பெரிய ஒலிபெருக்கி, நட்சத்திரம் வரைந்த யானை ஸ்டூல். குருவிக்கு நடந்த களைப்பு. கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். காவலாளி ஓடிவந்தார்.

"அம்மா, அதுல உட்காரக்கூடாது. பழைய பொருள்."

"யானை உட்கார்ந்தப்ப உடையலை. நான் உட்கார்ந்தா உடையுமா?"

"யானை டிக்கெட் வாங்கிட்டு வரலையேம்மா. உங்களுக்குத்தான் விதிமுறை." அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

மூன்றாவது அறையில் எங்கள் சர்க்கஸ். அறை நடுவில் என் பச்சை உடை நின்றது. குருவிக்காக நான் தைத்தது. கண்ணாடித் துண்டு ஒவ்வொன்றையும் நான்கு மூலையிலும் முடிந்து தைத்தது. பொம்மைக்கு உடை பற்றவில்லை என்று முதுகைத் திறந்துவிட்டுக் குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தார்கள்.

"இது நான் போட்டதா?" என்று குருவி அதைச் சுற்றிவந்தாள். "இடுப்பு இவ்வளவுதானா?"

"அப்ப அவ்வளவுதான்."

"நீங்க வேணும்னே இறுக்கித் தைச்சிருப்பீங்க. நாத்தனார் உடைதானேன்னு."

மேலே ஓர் ஊஞ்சலில் ஆண் பொம்மை ஒன்று தலைகீழாகத் தொங்கியது. மீசை சரியாக இருந்தது. ஆனால் பட்டியை மணிக்கட்டில் சுற்றாமல் உள்ளங்கை, விரல் எல்லாம் மூடிச் சுற்றியிருந்தார்கள்.

"அண்ணன் எங்க போறாரு? குத்துச்சண்டைக்கா?" என்று கேட்டுக் குருவி சிரித்தாள். அவர் போன பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான். சுவரில் பெரிய புகைப்படத்தில் அவர் இருந்தார். கை இரண்டையும் நீட்டி, யாரும் இன்னும் வந்து சேராத காற்றைப் பார்த்துக்கொண்டு. குருவி நெடுநேரம் அதன் முன்னால் நின்றாள்.

நான்தான் முதலில் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தேன். உள்ளே மஞ்சளாகிப்போன செய்தித்தாள் துண்டு. பக்கத்தில் சுருட்டிவைத்த இரண்டு துணிப் பட்டிகள், நுனி வெளியே தெரியும்படி. கீழே அச்சடித்த அட்டை: பிடிப்பவர் கை தளர்ந்ததால் வீராங்கனை கீழே விழுந்த ஆட்டத்தில் பயன்பட்ட மணிக்கட்டுப் பட்டிகள். விசாரணைக் கோப்பிலிருந்து பெறப்பட்டவை.

அந்தப் பட்டிகளை அவர் அன்று மருத்துவமனையில் அவிழ்த்துக் குப்பையோடு எறிந்திருப்பார் என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தேன். குனிந்து பார்த்தேன். இரண்டு பட்டியிலும் இரண்டு சிவப்புத் தையல்தான் இருந்தது.

மூன்று போட்டேன். எனக்குத் தெரியும். இன்னும் குனிந்தேன். இரண்டாவது தையலுக்குப் பக்கத்தில், ஒரு தையல் இருக்கவேண்டிய இடைவெளியில், இரண்டு சின்னத் துளை. இன்னொரு பட்டியிலும் அதே இடத்தில் இரண்டு. நன்றாகத் துவைத்த துணியில் நூலை உருவினால் துளை மூடிவிடும். கஞ்சி போகாத துணியில் மூடாது.

விபத்து நடந்த வாரம் என் சின்னக் கத்தரி காணாமல் போயிருந்தது. இரண்டு நாள் தேடி, கடைசியில் பட்டன் டப்பாவில் கிடைத்தது. நான் ஒருநாளும் அதைப் பட்டன் டப்பாவில் போடுகிறவள் இல்லை. அப்போது அதைப் பற்றி யோசிக்கவில்லை. இப்போது அந்தப் பெட்டியின் முன்னால் நின்று யோசித்தேன். மூன்று தையலோடு பட்டி விசாரணைக்குப் போயிருந்தால், துணியைத் தொட்டுப் பார்க்கிற ஒருவருக்குத் தைத்தவள் யார் என்ற கேள்வி வந்திருக்கும். இரண்டு தையல் என்றால் அது எண்ணாமல் கட்டிக்கொண்டவரின் தப்பு. அவருக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும்.

"என்ன அண்ணி, அதுல மூக்கை வெச்சுட்டீங்க?" குருவி தடியை ஊன்றி வந்தாள். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தாள். பிறகு பட்டியைப் பார்த்தாள். அவளும் எங்கள் கூடாரத்துக்காரிதான். பட்டியைக் கண்டால் தையலை எண்ணுவாள்.

"ரெண்டுதான் இருக்கு," என்றாள்.

நான் துளையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அண்ணி, ரெண்டு தையல்தான் இருக்கு. எண்ணாமலா கட்டினாரு?" அவள் குரல் மாறிவிட்டது. "கை தளர்ந்துச்சுன்னாரு. மனுஷன் கை, தளரும், நான் ஒரு வார்த்தை கேட்டதில்ல. ஆனா எண்ணாம கட்டியிருக்காரு. நான் அந்தப் பக்கம் மேல நின்னு ஊஞ்சல் எத்தனை தரம் ஆடுதுன்னு எண்ணிக்கிட்டு இருக்கேன், இவரு நுனியைக்கூடப் பாக்கலை. முப்பத்தொரு வருஷம் என் எதிர்ல உட்கார்ந்து சாப்பிட்டாரு அண்ணி!"

அப்படியே விட்டிருக்கலாம். அவர் அதற்காகத்தான் நூலை உருவினார். நான் சும்மா நின்றிருந்தால் எங்கள் சமையலறையில் எதுவும் மாறியிருக்காது. இறந்த மனிதரின் கணக்கில் இன்னொரு தப்புச் சேர்ந்திருக்கும். அவரால் இனி வாயைத் திறக்கவும் முடியாது. புகைப்படத்தில் கை நீட்டிக்கொண்டு இருந்தார்.

"அவர் எண்ணினார்," என்றேன். "மூணு இருந்துச்சு. மூணாவதை நான் பொய்யாப் போட்டேன். துவைக்கலை. அப்புறம் அவர் அதை எடுத்துட்டார். இங்க பார், துளை இருக்கு."

அவள் குனிந்து துளையைப் பார்த்தாள். நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பக்கத்து அறையில் ஏதோ பள்ளிக்கூடப் பிள்ளைகள் யானை ஸ்டூலைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அவருக்கு எப்பத் தெரியும்?"

"அன்னைக்கே தெரிஞ்சிருக்கணும். கையில கட்டினவர் ஆச்சே. அவருக்குத் தெரியும்ங்கிறதே எனக்குத் தெரியாது. இப்பதான்."

"அண்ணன் அதுக்கப்புறம் என் முகத்தைப் பார்த்துப் பேசினதே இல்ல. என் காலைப் பார்த்துத்தான் பேசுவாரு. கவனிச்சிருக்கீங்களா? குத்த உணர்ச்சின்னு நினைச்சேன். அது உங்களுக்காகவா?"

 அவள் தடியைத் திருப்பி ஊன்றி, அறைக் கோடியில் இருந்த பெஞ்சுக்குப் போய், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அங்கே சுவரில் பழைய படம் ஒன்று சத்தமில்லாமல் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கோமாளி நாற்காலியில் உட்காரப் போவார், நாற்காலி நகரும், விழுவார். நாலைந்து தடவை விழுந்தார். குருவி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான் அலுவலக அறையைத் தேடிப் போனேன். மியூசியத்தின் பொறுப்பாளர் ஓர் அம்மா. இடுப்பில் சாவிக்கொத்து, மூக்கு நுனியில் கண்ணாடி. நான் யார் என்று சொன்னதும் எழுந்து நின்றார். அட்டையில் இருப்பது தப்பு, மாற்றவேண்டும் என்றேன்.

"அது நாங்க எழுதினது இல்லம்மா. உங்க வீட்டுக்காரரே சொன்னது." அலமாரியிலிருந்து கோப்பை எடுத்து விரித்துக் காட்டினார். அவர் கையெழுத்துதான். கடைசி எழுத்தின் வால் எப்போதும்போல் கீழே தொங்கியது. "இதை மாத்தணும்னா, அன்னைக்கு அங்க இருந்தவங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கணும். ஒரு சாட்சியும் வேணும்."

அந்த அம்மா கொடுத்த தாளில் ஐந்து வரி எழுதினேன். பட்டிக்கு மூன்று துவைப்பு வேண்டும் என்று ஒரு வரி. இரண்டுதான் துவைத்தேன் என்று ஒரு வரி. மூன்றாவது தையலை நான் போட்டேன், பிடித்தவர் எண்ணிப் பார்த்துத்தான் கட்டினார், அவர் கை தளரவில்லை. பொறுப்பாளர் அம்மா படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை வெச்சா உங்களைப் பத்தி வரும். எல்லாரும் படிப்பாங்க."

"படிக்கட்டும்."

"சாட்சி?"

"நான் இருக்கேன்." வாசலில் குருவி நின்றாள். "விழுந்தவ நான்தான். இதைவிடப் பெரிய சாட்சி வேணும்னா தரையைத்தான் கூப்பிடணும்."

தாளை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொரு வரியாகப் படித்தாள். டிக்கெட் நம்பர் சரிபார்ப்பதைப்போல விரலை வைத்துப் படித்தாள். பிறகு மேசையில் போட்டாள்.

"மழையை எழுதலையே."

"மழை எதுக்கு? மழை மேல பழி போடவா?"

"பழி இல்ல. எட்டு நாள் பெஞ்சுது. என் படுக்கையில தண்ணி, யானைக்குச் சளி, சோறு வடிக்க விறகு எரியலை. நடந்ததை எழுதறதா இருந்தா எல்லாத்தையும் எழுதுங்க. எழுதுங்க அண்ணி, நான் கையெழுத்துப் போடணும்ல."

இடமில்லாததால் ஓரத்தில் எழுதினேன்: அதற்கு முன் எட்டு நாள் மழை. அவள் கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு பொறுப்பாளர் அம்மாவிடம் சொன்னாள்: "அந்தப் பொம்மைக்குப் பட்டி தப்பாச் சுத்தியிருக்கு. சாவி எடுங்க, இவங்க சரியாச் சுத்திவிடுவாங்க."

ஏணி போட்டார்கள். மேசையிலிருந்து வேறு துணி கொடுத்தார்கள். தலைகீழாகத் தொங்கும் பொம்மையின் மணிக்கட்டில் நான் சுற்றினேன். கீழே நின்று குருவி, "இன்னும் மேல, இன்னும் மேல, அண்ணன் அங்கதான் ஆரம்பிப்பாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். 

பஸ் நிறுத்தத்தில் ஒரு பெஞ்சின் இரண்டு கோடியில் உட்கார்ந்தோம்.

"ஒரு மாசம் என்கிட்டப் பேசாதீங்க," என்றாள்.

"சரி."

"போன் பண்ணாதீங்க. பண்ணினாலும் எடுக்க மாட்டேன்."

"சரி."

"ஞாயித்துக்கிழமை வருவேன். அது வேற."

பஸ் வந்தது. படி உயரம். இத்தனை வருடமாக அவளை ஏற்றிவிட்டவர் அவர். நான் முதலில் ஏறித் திரும்பிக் கையை நீட்டினேன். அவள் என் விரலைத் தள்ளிவிட்டு மணிக்கட்டைப் பிடித்தாள். நானும் அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். எலும்பும் தோலுமாக இருந்தது. உட்கார்ந்ததும் கையை விடுவித்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தாள். உப்பை எடுத்துக் கொடுங்கள் என்று என்னிடம் சொல்லவேண்டியிருந்தபோது, அவர் நாற்காலியைப் பார்த்து, "உப்பு வேணும்" என்றாள். நான் கொடுத்தேன். அப்படி நான்கு ஞாயிறு. ஐந்தாவது ஞாயிறு என்னைத் திட்ட ஆரம்பித்தாள். இரண்டு மணி நேரம் திட்டினாள், நடுவில் டீ கேட்டுக் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். என் காலைப் பார்த்துப் பேசாமல், முகத்தைப் பார்த்தே திட்டினாள்.

மியூசியத்திலிருந்து கடிதம் வந்தது. அட்டையை மாற்றிவிட்டார்களாம். மழையும் இருக்கிறதாம்.

நேற்று பெரிய போர்வையைத் துவைத்தேன். பிழிய முடியாமல் தண்ணீர் சொட்டச் சொட்டக் கயிற்றில் போட்டு, அந்தப் பொட்டலத்துக் கிளிப்பில் நான்கை மாட்டினேன். அவர் கட்டிய கயிறு மழை, வெயில் எல்லாம் பார்த்து ஏழு மாதம் ஆகிறது. போர்வையின் ஓரத்துக்கும் தரைக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. கயிறு தொய்யவில்லை.